வெளியில் இருந்தவர்

‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்ற வரியில் எது உறுத்துகிறது என்பது எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. பொய்யான வரி அல்ல. அப்பா குடித்ததில்லை, கடன் வைத்துவிட்டுப் போகவில்லை. சின்ன வெங்காயம் விலை சரிந்து பட்டறையிலேயே முளைவிட்டு அழுகிப்போன வருஷங்களில்கூட எங்கள் படிப்பு நின்றதில்லை. ஆகவே அவர் இறந்த அன்று பங்காளிகள் கூடி அஞ்சலித் தட்டிக்கு வாசகம் சொன்னபோது அந்த வரி தானாகவே வந்து விழுந்தது. யோசிக்கிற நேரமும் இல்லை அது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலை நெடுக, பேருந்து நிறுத்தங்களிலும் டீக்கடைச் சுவர்களிலும் கட்டியிருக்கும் தட்டிகளைப் படித்துக்கொண்டே வந்தால், செத்தவர்களில் பலர் குடும்பத்துக்காகவே வாழ்ந்திருக்கிறார்கள். தோற்றம், மறைவு, மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று பெயர் வரிசை. படத்தில் எல்லோருக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. அப்பாவுக்கு மலை பிடிக்கும் என்று தம்பி சொல்லியிருந்தான். தட்டி அடித்துக்கொடுத்த பையன் அவர் தலைக்குப் பின்னால் பனிமூடிய ஒரு மலையையும் நீலமான ஒரு ஏரியையும் வைத்திருந்தான். அன்போடு செய்ததுதான். ஆனால் எங்கள் பக்கத்துப் பச்சைமலை அப்படி இருக்காது. எங்கள் ஏரித் தண்ணீர் ஒருநாளும் நீலமாக இருந்ததில்லை. ஐப்பசியில் செம்மண் கரைசல், தையில் பாசி, சித்திரையில் வெடித்த சேறு.

அப்பா வெளியிலேயே இருந்தவர். வேலைக்காக இருந்ததைச் சொல்லவில்லை. மானாவாரி பூமியில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர் வெளியில்தான் இருந்தாக வேண்டும். நான் சொல்வது வேலை முடிந்த பிறகு. ஏர் அவிழ்த்து, மாடுகளுக்குத் தண்ணீர் காட்டி வீட்டுக்கு ஓட்டிவிட்டு, அவர் மட்டும் ஓடையோரமாக எதிர்த்திசையில் நடப்பார். கரிச்சான் எந்தப் பனையில் அடையும், கவுதாரி எந்தப் புதரிலிருந்து கத்தும், மழைக்கு முன்னால் ஈசல் எந்தப் புற்றில் முதலில் கிளம்பும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் சரளைக் கற்களோடு கற்களாக நாலு முட்டை வைத்திருக்கும். மிதிக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு, அதை விலக்கி உழுவார். விலக்கி உழுத அந்தத் துண்டில் கோரை மண்டும். அவர் கவலைப்பட்டதில்லை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். எங்களை அழைத்துப்போன திங்கட்கிழமைகளில் நாங்கள் வரிசையில் நிற்போம், அவர் வெளியே மரத்தடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பார். மார்கழியில் ஒரு நாளாவது டி.வி.எஸ். ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு கரைவெட்டிக்குப் போவார். காவிரியிலிருந்து பிரிந்து வரும் புள்ளம்பாடி வாய்க்காலின் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து நிரம்பும் ஏரி அது. 1999-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024 ஜனவரியில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அப்பாவுக்கு அது எந்தப் பட்டியலும் இல்லாத காலத்திலிருந்தே போகிற ஏரி. மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்துகள் அங்கே வந்து இறங்கும். தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டைகள் உள்ள வாத்து. கரையில் உட்கார்ந்து, தூக்குவாளியில் கட்டிக்கொண்டுபோன புளிச்சோற்றை மறந்துவிட்டுப் பார்ப்பார். சோறு அப்படியே திரும்பி வந்த நாட்களும் உண்டு. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை மாட்டுக் கழுநீரில் கொட்டுவாள்.

அந்த வாத்துகளைப் பார்க்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கூடப்போயிருக்கிறேன். வாய் லேசாகத் திறந்திருக்கும், புருவத்தின் மடிப்புகள் தளர்ந்திருக்கும். நான் முதல் மதிப்பெண் வாங்கிய அன்றும், தம்பிக்கு வேலை கிடைத்த அன்றும், பேரனைக் கையில் வாங்கிய அன்றும் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். மகிழ்ச்சி இருந்தது, நிச்சயமாக. ஆனால் அதற்குள் ஒரு பொறுப்பும் இருந்தது. அடுத்து என்ன செலவு, யாரிடம் சொல்ல வேண்டும், எவரை அழைக்க வேண்டும் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. ஏரிக்கரையில் அந்தக் கணக்கு இல்லை. அந்த வாத்துகள் அவரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை, அவர் வந்ததோ போனதோ அவற்றுக்குத் தெரியாது. எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றை அவர் அப்படி நேசித்தார். தட்டியில் இருக்கும் ‘காகவே’ என்ற அந்த அழுத்தம் இதைத்தான் அழித்துவிடுகிறது என்று தோன்றும். குடும்பத்துக்காக வாழ்ந்தவர் என்று சொல்லியிருந்தால் மீதி வாழ்க்கைக்குக் கொஞ்சம் இடம் இருந்திருக்கும். அவருடைய எல்லாவற்றையும் நாங்கள் எங்கள் பேரில் பட்டா மாற்றிக்கொண்டோம் என்று தோன்றும். பிறகு அதுவும் சரியில்லை என்று தோன்றும். வீட்டுக்குத் திரும்பி வரத்தானே அவர் போனார். இருட்டியதும் வந்துவிடுவார். சட்டைப்பையில் எனக்கென்று கோவைப்பழமோ சூரைப்பழமோ, தம்பிக்கு ஒரு பனங்காடை இறகோ இருக்கும். வெளியிலிருந்து எங்களுக்குக் கொண்டுவந்தார் என்பதா, எங்களிடமிருந்து வெளியே தப்பித்துப் போனார் என்பதா? இரண்டும் ஒரே மனிதரிடம் ஒரே மாலையில் இருக்க முடியும் என்பதை ஏற்க எனக்கு ஏன் இத்தனை சிரமம்?

சிரமத்துக்கு ஒரு காரணம் உண்டு. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் தட்டியாகிவிடும். நான் வயதுக்கு வந்த பிறகு அப்பா என்னைத் தன்னோடு அழைத்துப்போகவில்லை. யாரும் தடுத்ததாக நினைவில்லை, சண்டையும் நடக்கவில்லை. அடுத்த மார்கழியில் வண்டியின் பின்னால் தம்பி உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமும் இல்லை. நான் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டிப் புகை கலைகிற வரைக்கும் அந்த எண்ணெய் வாசம் இருந்தது. அப்பா என்னைப் பார்த்து ‘வாரேன் பாப்பா’ என்றார், எப்போதும் சொல்வதைப் போலவே. அவர் குரலில் ஒரு மாற்றமும் இல்லாததுதான் இன்றைக்கும் கனக்கிறது. அவர் கொடுமைக்காரர் அல்லர். பிறகு என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார், நான் கேட்ட படிப்புக்கே அனுப்பினார். உறவில் பலர் அதற்காக அவரைக் கேலி பேசியபோது ஒரு வார்த்தை பதில் சொல்லாமல் விடுதிக் கட்டணத்தைக் கட்டினார். என்னை வகுப்பறைக்குள் அனுப்ப ஊரோடு மல்லுக்கு நிற்கத் துணிந்தவருக்கு, ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகத் தோன்றவில்லை. வெளி என்பது ஆண்பிள்ளைகளுடையது என்று அவர் நினைத்தாரா, அல்லது நினைக்கவே இல்லையா? நினைக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அதுதான் இன்னும் கடினமான பதில்.

இந்த இடத்தில் அம்மாவைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரம்பலூர்ச் சீமையில் வெயிலில் அதிக நேரம் நிற்பது யார் என்று பார்த்தால் பெண்கள்தான். வெங்காயம் நடவு, களையெடுப்பு, அறுவடை, தாள் அரிதல், பருத்தி எடுப்பு, மக்காச்சோளக் கதிர் ஒடிப்பு. பருத்தி எடுக்கப் பனி இறங்கிக்கொண்டிருக்கும்போதே போக வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த இலைச்சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டிக்கொள்ளும். மடியில் கட்டிய சேலை கனக்கக் கனக்க, காய்ந்த காயின் முனை விரல் நகக்கண்ணைக் கிழிக்கக் கிழிக்க, குனிந்தபடி ஒரு சால் முடித்து அடுத்த சாலுக்குத் திரும்ப வேண்டும். அம்மா வாழ்நாள் முழுக்க அதைச் செய்தாள். அப்பா ஏர் ஓட்டிய நாட்களைவிட அவள் குனிந்து நின்ற நாட்கள் அதிகம். ஆனால் அம்மாவுக்குக் காடுகரை பிடிக்கும், மரம் மட்டை பிடிக்கும், பறவை பிடிக்கும் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் வெளியில் இருந்தது உழைப்பு, அப்பா வெளியில் இருந்தது விருப்பம். அப்பாவின் மாலை நடையை அம்மாவின் அடுப்பு தாங்கிக்கொண்டிருந்தது. அவர் எதிர்த்திசையில் நடந்த அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்த மாடுகளுக்கு யாரோ தீவனம் போட்டார்கள், விளக்கு ஏற்றினார்கள், எங்களுக்குத் தலைவாரி விட்டார்கள். இதைச் சொல்வதால் அப்பாவின் மேல் எனக்குள்ள பிரியம் குறையவில்லை. குறைகிறதா என்று எனக்குள் பலமுறை பார்த்துவிட்டேன்.

அப்பா எங்களைச் சின்ன வயதில் காரைக்கும் அழைத்துப்போயிருக்கிறார். காரை, குளக்காநத்தம் பக்கம் மண் வேறு மாதிரி இருக்கும். மழை அறுத்த செம்மண் ஓடைகள் கை விரித்தாற்போல் பிரிந்து பிரிந்து போகும். புல் முளைக்காத மேடுகள், வெயிலில் மினுங்கும் ஜிப்சத் தகடுகள். குனிந்தால் நத்தைபோலச் சுருண்ட கற்கள் கிடைக்கும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பிரிவாக வகுத்தார். இன்றும் நிலவியல் மாணவர்கள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கும் இடம். அப்பா அந்தக் கல்லை என் உள்ளங்கையில் வைத்து, ‘இது ஒரு காலத்துல உசுரோட இருந்துச்சு’ என்று மட்டும் சொன்னார். அருகிலேயே சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன மரம் ஓடையின் குறுக்கே கிடக்கிறது. 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டுபிடித்தார் என்று அங்கே போகிறவர்களுக்குச் சொல்லப்படும். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரான பெரிய அறிஞர் அவர். அது மரம் என்றும், கடலுக்கு அடித்துவரப்பட்டுப் படிந்து கல்லானது என்றும் அறிந்து சொல்ல அப்படியொரு படிப்பு தேவைதான். ஆனாலும் அந்த ஓடையில் ஆடு ஓட்டிய பிள்ளைகள் அதன்மேல் உட்காராமலா இருந்திருப்பார்கள்? புல் அறுக்கப்போன பெண்கள் அதில் அரிவாள் தீட்டாமலா இருந்திருப்பார்கள்? பார்த்தவர்களும் கண்டுபிடித்தவரும் வேறு வேறு ஆட்களாகிவிடுவது எங்கே நடக்கிறது என்ற கேள்வி, அப்பாவை நினைக்கும்போதெல்லாம் இப்போது சேர்ந்தே வருகிறது.

அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளின் கதை என்னைத் தொந்தரவு செய்வதும் இதனால்தான். மிகப் பெரிய டைனோசர் ஒன்றின் எலும்புகள் அங்கே மண்ணிலிருந்து எடுக்கப்பட்டன. கால் எலும்பு ஒன்று மட்டுமே சுமார் இரண்டு மீட்டர் நீளம். 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் அதைப்பற்றி எழுதி, ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். ஊன் உண்ணி என்று முதலில் கருதப்பட்டு, பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று கருத்து மாறியது. உலகில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரம் ஊறிப்போயிருந்தவை, கட்டி எடுத்துவரும் வழியிலேயே உதிர்ந்து மண்ணாகிவிட்டன. ஓவியங்களும் சில புகைப்படங்களும் எழுதி வைத்த குறிப்பும் மட்டும் மிச்சம். அப்படி ஒன்று இருந்ததா என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அதன் பிறகு 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளிவந்தன. மண்ணுக்குள் ஆறு கோடி ஆண்டுக்கு மேல் கிடந்தது, மனிதன் கை பட்ட பிறகு கொஞ்ச காலம்கூடத் தாங்கவில்லை. பார்த்தவர்கள் எழுதி வைத்ததால் அது இருந்ததாயிற்று. அப்பா எதையும் எழுதியதில்லை. எந்த வருஷம் வாத்து எத்தனை வந்தது, எந்த ஓடையில் எந்தக் கோடையில் முதலில் தண்ணீர் வற்றியது, சீமைக்கருவேலம் எந்தத் திசையிலிருந்து ஏறி வந்தது என்பதெல்லாம் அவரோடு போயிற்று. எங்கள் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்றால் இடங்களும் அப்படியே இல்லை. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத்தான் சிமெண்ட் ஆலைகள் தோண்டுகின்றன. அவர் கவுதாரிச் சத்தம் கேட்கச் சொன்ன மேடு ஒன்று இன்றைக்குச் சுரங்கக் குழி. ஆலை இல்லாவிட்டால் தம்பிக்கு வேலை இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். இதைப்பற்றித் தம்பியும் நானும் பேசிக்கொள்வதில்லை.

எழுதியவர்கள் வேறு. மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் இறக்கும் வரை எழுதினார். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுக்கக் காடு காடாகத் திரிந்தவர், மயிலாப்பூர் வீட்டுத் தோட்டத்துக்கு வந்த காக்கையையும் அணிலையும் அதே மரியாதையோடு எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார்; அவற்றைத் தியடோர் பாஸ்கரனும் பெருமாள்முருகனும் தேடித் தொகுத்துத் தந்தார்கள். அவரைப் படிக்கும்போதெல்லாம் அப்பாவை நினைத்துக்கொள்வேன். இப்போது கூடவே இன்னொரு கேள்வி எழுகிறது: அவர் கேமராவோடு முதுமலையில் இருந்த நாட்களில் அந்த மயிலாப்பூர் வீடு எப்படி நடந்தது? அவர் மனைவி இந்துமதி எதையெல்லாம் பார்த்தார்? தோட்டத்துக்கு வந்த பறவையை முதலில் கவனித்து, ‘இங்கே வாங்க, இதைப் பாருங்க’ என்று கூப்பிட்டது எத்தனை தடவை அவராக இருந்திருக்கும்? ஒரு தடவைகூட இல்லாமலும் இருந்திருக்கலாம். கேட்கிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து எனக்கு வரவில்லை, அம்மாவிடமிருந்து வந்தது. தை அறுப்பு முடிந்து ஊரில் இருந்தபோது அவளிடம் அப்பாவைப்பற்றிக் கேட்டேன். ஓடைப்பக்கம் போய் என்னதான் பார்ப்பார், உன்னிடம் சொல்வாரா என்று. அம்மா வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது வெங்காயத்தால்தான். அவள் அழுகிற ஆள் அல்ல. ‘அவுரு எங்க சொன்னாரு, நாந்தான் சொல்லுவேன்’ என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. பருத்தி எடுக்கும்போது சாலுக்கு நடுவில் ஆள்காட்டி முட்டை வைத்திருப்பதை அவள்தான் பார்ப்பாள். களையெடுக்கும்போது காடை குஞ்சோடு ஓடுவதையும் அவள்தான் பார்ப்பாள். குனிந்து நிற்கிறவள் கண்ணுக்குத் தரையில் இருப்பதெல்லாம் தெரியும். ராத்திரி சோறு போடும்போது சொல்வாளாம்: கீழக்கொல்லையில மூணாவது சால் கடைசியில, எலந்தைக்குப் பக்கத்துல. மறுநாள் சாயங்காலம் அப்பா போய்ப் பார்த்து, குச்சி நட்டுவிட்டு வருவார். எந்தப் புற்றில் ஈசல் கிளம்பும் என்பது அவளுடைய அம்மா அவளுக்குச் சொன்னது. அந்தப் பக்கத்து மண் அவள் பிறந்த ஊர் மண். அப்பா வேறு பக்கத்திலிருந்து வந்து நிலம் வாங்கியவர். எங்கள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ‘சத்தம் போடாம பாருங்க’ என்று அவர் காட்டிய கூடுகளில் எத்தனை அவள் சொல்லிக் கண்டவை என்று கேட்டேன். ‘அதையெல்லாம் யாரு எண்ணுனா’ என்றாள். நீ ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ‘ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போயி நின்னு பாக்க எனக்கு ஏது நேரம், அவுருக்கு இருந்துச்சு, போனாரு’ என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அவர் பார்த்துவிட்டு வந்து, முட்டை பொரிந்துவிட்டதா, குஞ்சு எத்தனை என்று அவளிடம் சொல்வாராம். அவள் காத்திருந்து கேட்பாளாம். கரைவெட்டி வாத்தைப்பற்றியும் அப்படித்தான் கேட்டிருக்கிறாள். அதை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

தம்பி இதை ஒப்புக்கொள்ளவில்லை. தொலைபேசியில் சொன்னபோது, ‘அப்பாவுக்குத் தெரியாததா அம்மாவுக்குத் தெரியும், நீ எதையாவது எழுதாதக்கா’ என்றான். அவன் அந்த வண்டியின் பின்னால் பல வருஷம் உட்கார்ந்து போனவன். அவன் அறிந்த அப்பா முழுமையானவர், யாரும் சொல்லித் தர வேண்டாதவர். அவனிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கும் மனமில்லை. ஆனால் நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். கீழக்கொல்லை, மூன்றாவது சால், இலந்தை. ஈசல் புற்று, அம்மாச்சி சொன்னது. ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் யார் பார்த்தது, யார் போய்ப் பார்த்தது என்று இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். இரண்டாவது கட்டத்தில் அப்பா பெயர் நிறைய வருகிறது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால் மார்கழியில் அம்மாவைக் கரைவெட்டிக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். பருத்தி எடுப்பு தொடங்குவதற்கு முன்னால் என்றால் வருகிறேன் என்றாள். தம்பியும் வருகிறானாம், வாத்து எந்தப் பக்கம் இறங்கும் என்று அவனுக்குத்தான் தெரியுமாம்.